எதிர்க்கரையில் படாக் பூத்த நாள்

உங்கள் அம்மா பிறந்தது ரங்கூனில். அங்கே முதல் மழை பெய்த மறுநாள் காலையில் படாக் மரங்கள் ஒரேயடியாக மஞ்சளாகப் பூத்துவிடுமாம். பெண்கள் எல்லோரும் கொண்டையில் அதைத்தான் செருகுவார்களாம். சாயங்காலத்துக்குள் அத்தனையும் உதிர்ந்துவிடும். பர்மாவை விட்டு வந்து, மெட்ராஸில் என்னைக் கட்டிக்கொண்டு, போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே அவள் அந்த மரத்தை அடையாளம் கண்டுகொண்டாள். இங்கேயும் அதற்குப் பெயர் படாக்தான்.

ஜங்லிகாட் பகுதியில் நம் வீட்டுக்குப் பின்னால் நின்றால் வளைகுடாவின் எதிர்க்கரை தெரியும். மழைக்காலம் தொடங்கும்போது ஒரு நாள் அங்கே மஞ்சளாகப் பற்றிக்கொள்ளும். அம்மா சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு வந்து பார்ப்பாள். மரத்தடிக்குப் போய், பூவைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. நான் துறைமுகத்து லாஞ்ச் படகில் என்ஜின் வேலை பார்த்தேன். பூக்கிற நாளில் எனக்கு டியூட்டி இருக்கும், இல்லாவிட்டால் உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் அடிக்கும். அடுத்த வருடம் போவோம் என்பேன்.

பாப்பா, அப்போது உனக்கு ஏழு வயது. தம்பிக்கு நாலு. அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். இங்கே வைத்தியம் பார்க்க முடியாது, அடுத்த கப்பலிலேயே மெட்ராஸ் போகச் சொன்னார் டாக்டர். வியாசர்பாடியில் உங்கள் மாமா இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் அதே கப்பலில் போவதாக இருந்ததால், துணைக்கு அவரே போதும் என்று ஏற்பாடாயிற்று. உங்களோடு நான் இங்கே இருக்க வேண்டும்.

கப்பல் வருவதற்கு முன்னால் படாக் பூத்துவிட வேண்டும். அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

பள்ளி விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு நாலு பேரும் எதிர்க்கரைக்குப் போனோம். மழை இன்னும் பெய்யவில்லை. மரம் முழுக்க மொட்டுதான். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“லாஞ்ச்காரரோட வந்தா பூவும் லேட்டுதான்.”

நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். அவள் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். திரும்பும்போது, கப்பல் எப்படியும் ஒரு வாரம் தாமதமாகத்தானே வரும், அதற்குள் மழை பெய்துவிடும், இன்னொரு தடவை வருவோம் என்று பேசிக்கொண்டோம். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தத் தீவில் கப்பல் சொன்ன நாளில் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. “ஜஹாஸ் டைமுக்கு வந்துட்டா நான் மொட்டை அடிச்சுக்கிறேன்” என்றார் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன். கடைகளில் வெங்காயம் தீர்ந்து ஊரே கப்பலுக்காகக் காத்திருந்தது. அது வரக்கூடாது என்று ஜெபமாலை உருட்டியது நம் வீட்டில் மட்டும்தான்.

கப்பல் சொன்ன நாளில் வந்தது.

ஊரெல்லாம் சந்தோஷம். சரக்கை இறக்கியதும் திரும்பிவிடும் என்றார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. புறப்படும் நாளில் துறைமுகத்தில் அம்மா தம்பியைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் சொன்னாள்:

“பூத்துச்சுன்னா புள்ளைங்கள கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. எனக்காக நிறுத்தி வைக்காதீங்க.”

கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது இங்கே மழை கொட்டியது. மறுநாள் விடிந்தபோது எதிர்க்கரை மஞ்சளாக இருந்தது. லீவு சொல்லிவிட்டு உங்கள் இருவரையும் லாஞ்சில் ஏற்றினேன். கரை நெருங்கியபோது பாப்பா, நீ மரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாய். தம்பி எட்டிப் பார்த்தான். அவன் கண்ணை இரண்டு கையாலும் பொத்தினாய்.

“அம்மா வரட்டும்ப்பா. நாங்க மட்டும் பாக்க மாட்டோம்.”

அம்மாதான் காட்டச் சொன்னாள் என்று சொல்லிப் பார்த்தேன். நீ அசையவில்லை. தம்பி முதலில் திமிறினான். பிறகு அவனும் உன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாம் இறங்கவில்லை. அதே லாஞ்சில் திரும்பினோம். சாயங்காலம் பார்த்தபோது அங்கே வெறும் பச்சைதான் இருந்தது.

தந்தி வந்தபோது துறைமுகத்தில் கப்பல் இல்லை. மாமாதான் அடக்கம் செய்தார். அம்மா முகத்தை நாம் மூவரும் பார்க்கவில்லை.

நீங்கள் இருவரும் இதை மறந்திருக்கலாம், சின்னப் பிள்ளைகள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தபோது நான் பார்த்துவிட்டேன். கிளை தெரியாமல் பூத்திருந்தது. வாசனை தண்ணீர் வரைக்கும் வந்தது. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: அவள் சொன்னது கொஞ்சமும் கூட்டிச் சொன்னதல்ல, திரும்பி வந்ததும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று.