கம்பெனி பஸ் நிற்கும் இடம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் தேர்வாய் கண்டிகை ரோட்டில் கம்பெனி பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவன் நான்தான். தொழிற்பேட்டை வந்த புதிதில் பஸ்கள் நிற்காமல் பறக்கும். டிரைவர்களுக்கு ஓசியில் டீயும் வடையும் கொடுத்து, என் டிபன் கடை வாசலில் நிற்கப் பழக்கினேன். நாளடைவில் எட்டு வண்டிகள் அங்கேதான் ஆள் ஏற்றின. ஓலைக்கடை மாடிக் கட்டடமாகிவிட்டது. எந்த வாத்தியாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் தம்பி மகள் சென்னையில் எம்.பிளான் படிக்கிறாள். ஊரையும் ரோட்டையும் எப்படி அமைப்பது என்பதற்கு ஒரு மேற்படிப்பாம், ரெண்டு வருஷம்! பொன்னேரி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட தம்பி அதைச் சொல்லாமல் விடமாட்டான். என் பையன் ஜே.சி.பி. ஓட்டுகிறான், நான் அதை யாரிடமும் சொல்வதில்லை. வயிறு எரிந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

போன தை மாதம், கடைசி வருட ஆய்வுக்கு எங்கள் பகுதியையே எடுத்துக்கொண்டு நோட்டும் கையுமாக வந்தாள். எந்த ஊர்ப் பெண்கள் எந்த வழியாக வேலைக்கு வருகிறார்கள் என்று மூன்று நாள் என் கடையில் உட்கார்ந்து கேட்டாள். எனக்குத் தெரியாததா? ஏரிக்கரை, வரப்பு, குறுக்குப் பாதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

பங்குனியில் ஆசிரியர்கள் முன்னால் ஆய்வை விளக்கும் நாளுக்கு என்னையும் கூப்பிட்டாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். அங்கே சுவர் முழுக்க வரைபடம். நான் சொன்ன பாதைகள் அதில் சிவப்புக் கோடுகளாக ஓடின.

"இதையெல்லாம் எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று ஓர் ஆசிரியை கேட்டார்.

"கள ஆய்வு, மேடம்."

அறுபத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு பெயர்!

அடுத்து ஒரு புள்ளியைத் தொட்டாள். "இந்த நிறுத்தம் ஒரு கடையோட வசதிக்காக வந்தது. நாலு ஊர்ப் பாதையும் கூட்டுரோட்டுலதான் சேருது. காலை ஷிஃப்ட் பெண்கள் அங்கிருந்து இருட்டுல ஒரு கிலோமீட்டர் நடக்கிறாங்க. நிறுத்தத்தைக் கூட்டுரோட்டுக்கு மாத்தணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

திரும்பும் ரயிலில் அவளும் என்னோடு ஊருக்கு வந்தாள். மீஞ்சூர் தாண்டியதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"கோவமா பெரியப்பா?"

"நான் சொன்னத வெச்சே எனக்கு ஆப்பு அடிச்சிட்டியேம்மா."

"தப்பா சொன்னனா?"

"தப்புன்னு யாரு சொன்னா? என் கைல முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா மாத்தியிருப்பியா நீ?"

"இப்போ இன்னா பண்ணப் போற?" என்றேன்.

"ரிப்போர்ட்ட முடிச்சிட்டு பஞ்சாயத்துல, கம்பெனிங்கள்ல எல்லாம் குடுக்கப் போறேன்."

அந்தப் பெண்கள் இருட்டில் நடந்து வருவதைப் பல வருஷமாகப் பார்த்தவன் நான். பார்த்தும் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அது உறுத்தியது உண்மைதான். ஆனால் அதைவிட, நாளைக்கு ஊரே 'அந்தப் பொண்ணுதான் ஸ்டாப்பை மாத்துச்சு' என்று பேசுமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளே டிரைவர்களைக் கூப்பிட்டேன். "இனிமே கூட்டுரோட்டுல நிறுத்துங்கப்பா. டீ அங்கியே வரும்."

"இன்னா நைனா, கடைய வித்துட்டியா?" என்றான் ஒருவன்.

"நிறுத்துன்னா நிறுத்துடா!"

ஒரே வாரத்தில் எட்டு வண்டியும் மாறின. என் காலை வியாபாரம் பாதியாகப் படுத்தது.

கடைசியாகச் சரிபார்க்க வந்தவள், கூட்டுரோட்டில் கூட்டத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"இன்னா பெரியப்பா இப்படிப் பண்ட்ட? வரப்போறதுன்னு நான் வரைஞ்சது இப்போ வந்தே பூட்ச்சி! மொத்தத்தையும் திருப்பி வரையணும். ரிப்போர்ட்டு குடுக்கப் பத்து நாள்தான் கீது!"

"வரையேன். அதுக்குத்தானே படிக்கிற?"

முறைத்துவிட்டு, பஸ் ஏறக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் போனாள். "ஸ்டாப்ப யாருக்கா மாத்துனது?"

"டிபன் கடை நைனாதாம்மா."

எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். எழுதிக்கொண்டுதான் இருந்தாள், இங்கிலீஷில்.