மேல்வீட்டுக்காரரின் எடை

மொன்றியலில், வில்லரே பகுதியில் உள்ள எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு ஃபுட்போல் வீரர் வாடகைக்கு இருந்தார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. காலால் உதைக்கிற பந்தாட்டமல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். அதுதான் அவருக்குத் தொழில். ஆனால் அவர் பந்தைத் தொடுவதே இல்லை. பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் நின்று எதிரணியை மறிப்பது அவர் வேலை.

"அப்ப மதில் எண்டு சொல்லுங்கோ," என்றாள் என் மனைவி.

மதிலுக்குப் பருமன் வேண்டும். அதை அவள் பார்த்துக்கொண்டாள். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் மேலே போகும், வெறும் தட்டு கீழே வரும். அவளை "அக்கா" என்று கூப்பிடப் பழகியிருந்தார். போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் "காணும்" என்ற சொல்லை மட்டும் அவள் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒரு பனிக்காலத்தில் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆள் மெலிந்துபோனார். பயிற்சி முகாமுக்குப் பழைய எடையோடு வராவிட்டால் அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இங்கே விட்டால் வேறு அணி எடுக்காது.

மனைவி உடனே முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். தம்பிக்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மேலே பூசணிக்காயும் பருப்பும் போகத் தொடங்கின. கடையில் வாங்கிச் சாப்பிட்டால் அக்கா மனம் நோகும் என்று அவரும் பேசாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்தார். அவர் மறித்தால் தாண்ட முடியாது.

"அக்காவுக்கு என்னோடு கோபமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கோபமில்லை, உங்களுக்காகத்தான் கடவுளுக்கு விரதம் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் மெலியவேண்டும் என்கிறாரா கடவுள்?"

நான் வீட்டில் அதிகம் கதைக்கிறவனில்லை. அன்று கதைத்தேன்.

"இஞ்சரும், உம்மடை விரதத்திலை அந்தாள் மெலியுது."

"நேர்த்தி வச்சாப்பிறகு என்ரை குசினியிலை மச்சம் காய்ச்சேலாது."

"மேலையும் ஒரு குசினி இருக்குதானே?"

யோசித்தாள். "மேல்வீடு வேறை வீடுதான். ஆனா நான் தொடமாட்டன். நீங்கள் காய்ச்சுங்கோ."

நான் துறைமுகக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன். தேத்தண்ணியைத் தவிர எதையும் அடுப்பில் வைத்ததில்லை. முகாம் தொடங்கும்வரை பின்னேரங்களில் மேலே போய் ஆட்டிறைச்சி காய்ச்சினேன். மனைவி படிக்கட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று கட்டளையிட்டாள்.

"வெங்காயம் வதங்கிட்டுதோ?"

"ஓம்."

"வாசம் வரேல்லை. பொய் சொல்லாதேங்கோ."

பொத்திய மூக்குக்கு அது எப்படித் தெரிந்ததோ.

"உப்புப் போட்டாச்சோ?"

போட்டது நினைவில்லை. இன்னொருக்கால் போட்டேன்.

முகாமில் முதல் வேலையே எடை பார்ப்பது. அன்று காலையும் என் கறியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எடை சரியாக இருந்தது. முகாம் முடிவில் இடமும் கிடைத்தது. மனைவி கோயிலில் அர்ச்சனை செய்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். கறி எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"ஒரே உப்பு," என்றார். "வழி முழுக்கத் தண்ணீர் குடித்தேன். தராசில் ஏறி நின்றது அந்தத் தண்ணீர்தான்."

அதை மனைவிக்குத் தமிழில் சொல்லி, நான் இரண்டு தரம் உப்புப் போட்டதையும் ஒப்புக்கொண்டேன். அவள் முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"உங்களை ரெண்டு தரம் உப்புப் போடவச்சது ஆரெண்டு நினைக்கிறியள்?" என்றாள்.