எல்லையை இறுக்கச் சொன்ன அம்மா

சென்ற திங்கட்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், சிவம் தம்பியின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.) கடைக்கு அன்று லீவு. ஆனாலும் கதிரை முழுக்க ஆட்கள். நாடாளுமன்ற உறுப்பினர் வருகிறாராம் — ஒரு வெள்ளைக்கார அம்மா. குடியேற்றச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் அல்லவா? வாக்களிப்பதற்கு முன் எங்களோடு பேச வேண்டுமாம்.

அரசியல்வாதி என்ன பேசுவார் என்று எனக்கா தெரியாது? தமிழில் வணக்கம் சொல்வார், வடையைப் புகழ்வார், எல்லாம் செய்து தருகிறேன் என்பார்...

இந்த அம்மா வடையைத் தொடவே இல்லை. சிவம் பொன்னாடையோடு எழும்ப, கையால் தடுத்துவிட்டார். "நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே" என்றாராம். சிவத்தின் மகள் தர்சினிதான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

பிறகு எடுத்த எடுப்பில் என்ன சொன்னார் தெரியுமா? எல்லையை இறுக்க வேண்டும் என்றார். எங்களிடமே! அதற்கு ஆதரவாக வாக்களிப்பாராம். ஆனால், ஏற்கெனவே இங்கே உழைக்கிறவருக்குத் தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் கார்ட் கொடுக்க வேண்டும், அதை முதலாளியின் தயவில்லாமல் அவரே கேட்க வழி வேண்டும் — அதற்கும் வாக்களிப்பாராம். சொந்தக் கட்சியிலேயே பலருக்கு இவர் மேல் கோபமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன்.

"பிள்ளை, அவவுக்குச் சொல்லு. நான் லொறிக்குள்ள மரக்கறிப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வந்தவள். எல்லையை இறுக்கியிருந்தா நான் இண்டைக்கு எங்கை?"

அம்மா என்னை நேராகப் பார்த்தார். அந்த லொறியில் நீங்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கலாம், அடைக்கலம் கேட்பவருக்கு வாசல் இருக்க வேண்டும், ஆள் கடத்துகிறவனுக்கு இருக்கக் கூடாது என்றார். முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வாசல் அன்று எங்கே இருந்தது? ஆனால் என் நரையைப் பார்த்துப் பேச்சை மாற்றவில்லை, பாருங்கள்... அது எனக்குப் பிடித்தது.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"வேற ஆளின்ர கார்ட்டில வேலை செய்யிறவைக்கு என்ன வழி?"

லா சப்பலில் இது யாருக்குத் தெரியாது? கார்ட் இல்லாதவர், தெரிந்த ஒருவரின் கார்ட்டைக் காட்டி வேலைக்குச் சேர்வார். உழைப்பு இவருடையது. சம்பளத் துண்டில் பெயர் அவருடையது.

சிவத்தின் காது சிவந்துவிட்டது. "மாமி, உங்களைக் கூப்பிட்டது வடை சாப்பிட. என்ர கடையைப் பூட்ட இல்லை!"

இவர் என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டார். "அப்பா யோசிக்கிறார்" என்று தர்சினி பிரெஞ்சில் சொன்னாளாம். கெட்டிக்காரி!

அப்போது குசினிக் கதவு திறந்தது. எட்டு வருடமாக அங்கே சமைக்கிற யோகன், கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அது நான்தான். பேப்பரில மட்டும் நான் ரவி."

அந்த அம்மா வெளியே போய் ஒரு சொல் சொன்னால் போதும். வேலையும் போகும், ஆளையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அம்மா எழுந்து யோகனுக்குக் கை கொடுத்தார். பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. ரவியும் யோகனும் ஒரே ஆள் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் விண்ணப்பிக்கலாம், கார்ட் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுப்பவருக்கும் தொல்லை வரலாம் என்றார். இந்தத் தயவே கூடாது என்றுதான் நான் சண்டை பிடிக்கிறேன், ஆனால் இன்றைக்கு உள்ள வழி இதுதான் என்றார். சொல்லிவிட்டு சிவத்தைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

சிவம் வடைத் தட்டைப் பார்த்தார். யோகனைப் பார்த்தார். என்னை முறைத்தார்.

"அப்பா, என்ன சொல்லட்டும்?"

"எழுதித் தாறன் எண்டு சொல்லு."

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும்விட்டார். "பயமில்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"பயந்தான் மாமி. ஆனா அந்த மனிசி பாத்த பார்வைக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"பாத்தது அவ, மாட்டிவிட்டது மாமி!" — குசினிக்குள்ளிருந்து யோகன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சட்டம் புரியாது, ஆள் புரியும். யோகனுக்குக் கார்ட் கிடைக்குமா? தெரியாது. ஆனால், எதையும் தருகிறேன் என்று சொல்லாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டுப் போன அரசியல்வாதியை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் அன்று அந்தக் கடையில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு இந்த நாட்டில் வாக்கே இல்லை... எனக்கும்தான்!