தெருவில் வைத்த திதி

பெங்களூர் பீன்யாவில் எங்கள் தெருவில் அந்தத் திதியைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடுப்போம். 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீரின் பெயரால் தமிழர்களை அடித்தார்களே, அதில் செத்தவர்களுக்கான திதி. ஊருக்கு ஓடிப்போய்த் திரும்பிவந்த குடும்பங்கள் வருஷாவருஷம் ஒரு வீட்டில் கூடுவோம். செத்தவர்கள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வாய்விட்டு அழாமல், பெயரைச் சொல்லாமல் கலைந்துவிடுவோம். மூன்று ஜன்னல்களும் சாத்தியிருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இரண்டு தரம் பார்ப்பேன்.

பத்தாவது வருஷம், அந்தக் கலவரத்தில் கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் இனிக் கதவைச் சாத்த முடியாது என்றுவிட்டார். அவர் கணவர் லேத் ஓட்டியவர். கலவரத்தன்று ஷிப்ட் முடிந்து வரும்போது எங்கள் தெருமுனையில் அடித்துக் கொன்றார்கள். அந்த முனையைத் தாண்டும்போது எனக்கு இன்றும் நடை வேகமாகும். அந்தம்மாளோ அங்கேயே இட்லி வண்டி நிறுத்தி இரண்டு பெண்களை வளர்த்தார்.

"இந்த வருசம் தெருவுலதான் சார். அவரு செத்த எடத்துல."

"தண்ணிப் பேச்சு மறுபடியும் சூடா இருக்கும்மா. நாலு பேரு கல்லெடுத்தா என்ன பண்றது?"

"பத்து வருசமா கதவ மூடிக்கினு அழுதாச்சு. அவரு இன்னா, திருடிட்டா செத்தாரு? நாக்காலி எத்தினி வேணும்னு மட்டும் சொல்லு சார். எண்றதுதான் உனுக்கு நல்லா வருமே."

இருபது என்றேன். நாற்பது வரவழைத்தார். மீதி எதற்கு என்று கேட்டேன். கன்னடக்காரர் வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்க் கூப்பிட்டிருக்கிறாராம்.

திதியன்று சாயங்காலம் நாங்கள் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்க நாற்காலிகள் வெகுநேரம் காலியாகவே கிடந்தன. பிறகு எதிர்வீட்டுக் கன்னடக் கிழவி மருமகளைப் பிடித்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர்கள் பின்னால் ஆறு ஆண்கள் வந்தார்கள். நான் அவர்கள் கைகளைத்தான் பார்த்தேன்.

அந்தம்மாள் எழுந்து கன்னடத்தில் பேசினார். கணவர் பெயரை முதலில் சொன்னார், தெரு முழுக்கக் கேட்கும்படி. அவர் எப்படிச் செத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. உங்கள் ஊர் ராகிக் களி என்றால் அவருக்கு உயிர், ஒரே வேளையில் நாலு உருண்டை தின்பார் என்றார்.

"நால்கல்ல, ஐது," என்றார் கிழவி. "நம்ம மனேலி ஐது." தன் வீட்டில் ஐந்து தின்றிருக்கிறார் என்கிறார்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தம்மாளும் சிரித்தார். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு செத்தவர் பெயரைத் தானும் ஒருமுறை சொன்னார். இத்தனை வருஷம் அந்தப் பெயரை அவர் நினைவில் வைத்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், அதே கலவரத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவர், தானாகவே எழுந்தார். தரையைப் பார்த்தபடி அண்ணன் பெயரை முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுபா," என்றார் அந்தம்மாள். "கடேசி வூட்டுக்குக் கேக்கல."