கீறல் இல்லாத வயிறு

சென்னையில் என் கணவரின் வாய்வழியே குழாய் விட்டு, இரைப்பையில் இருந்த சிறிய புற்றுக்கட்டியை எடுத்தார்கள். திரும்ப வரலாம், ஆறு மாதத்துக்கொரு முறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் திரும்பியதும் இவர் எல்லோரிடமும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு கீறல் இருக்கா பாருங்க. இதுக்குப் பேரு புத்துநோயாம்!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆறாம் மாதம் போக வேண்டியதை, முந்திரிக்கொட்டை பொறுக்கி முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். நன்றாகச் சாப்பிட்டாரே என்று பிறகு போகவேயில்லை.

மறுவருடம் சோறு இறங்கவில்லை. அரியலூரில் ரயிலேறினோம். வயிற்றைத் திறந்த டாக்டர்கள், நோய் பரவிவிட்டதென்று அப்படியே தைத்துவிட்டார்கள்.

இப்போது பார்க்க வருகிறவர்களுக்கு நான்தான் அவர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறேன். "டாக்டர் மறுபடி வரச்சொன்னா, நல்லாத்தானே இருக்கோம்னு இருந்துடாதீங்க" என்கிறேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.