அம்மன் கோயிலில் கருவாடு வைத்த பவளம்

கண்டியில் ஹேவாஹெட்ட பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பவளத்தின் மகன் எனக்குப் போன் எடுத்தான். "தாத்தா, அம்மா விடியக்காலையில தவறிட்டாங்க" என்றான். "உங்கம்மா சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டேன். நான் சும்மா கேட்கவில்லை. போன வருடம் ஒரு வாரம் அவளுடைய கடைப்பக்கம் நான் போகாததற்கு, "மாமா இருக்காரா, போயிட்டாரான்னு பாத்துட்டு வா" என்று என் வீட்டுக்கே ஆள் அனுப்பியவள் அவள். பையன் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கடையில் யாரையும் முந்த விடமாட்டாள். "வரிசையில வாங்க மாமா, கிழவனுக்குன்னு தனி வரிசையா போட்டிருக்கேன்?" என்று என்னையே பின்னால் தள்ளுவாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், இதில் மட்டும் முந்திக்கொண்டாள்.

உங்களில் பலருக்கு அவள் கண்ணாடி போட்ட முதலாளியம்மா. எனக்குத் தெரிந்தது பாவாடை கட்டிய பவளம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் இருந்தால் பொறுத்திருக்க மாட்டாள்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ரோடு வளையும் இடத்தில், அவள் அப்பா சுப்பையாவின் கடை இருந்தது. அதை விட்டால் அந்த மலையில் வேறு கடை கிடையாது. தாய் இல்லாத பிள்ளை, அரிசி மூட்டைமேல் தூங்கி அரிசி மூட்டைமேல் எழும்பி வளர்ந்தாள். நான் தோட்டத்து லொறியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். சாமான் இறக்கும்போதெல்லாம், "முதலாளி, எங்க வைக்கட்டும்?" என்று அவளைத்தான் கேட்பேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூக்கு சிவந்துவிடும். "எங்கப்பாதான் முதலாளி. நீங்க மூட்டைய வைங்க, வாய வைக்காதீங்க" என்பாள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் அவளோடு சேரமாட்டார்கள். அவள் கடைக்காரர் மகள், அவர்கள் கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகள். இவள் டொபி கொண்டுபோய்க் கொடுப்பாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஒருநாள் லொறிப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, டொபி இல்லாட்டியும் என்னைய சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

எழுபத்தேழில் கலவரம் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. பிற்பகல் பஸ்ஸில் வந்த கொண்டக்டர், "டவுன்ல தமிழ்க் கடைங்கள எரிக்கிறாங்க, மேலயும் வருவாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். சுப்பையா கல்லாப் பெட்டிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். கொழுந்துப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பவளம் ரோட்டுக்கு ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தாள்.

"ஆளுக்கு ஒன்னு தூக்கிட்டுப் போங்க! கேள்வி கேக்காதீங்க, தூக்குங்க!"

"அடியே, நம்ம கடைய நீயே கொள்ளையடிக்கிறியா?" என்று அப்பா கத்தினார்.

"நம்ம ஆளுங்க கொண்டுபோனா திரும்பி வரும்ப்பா. அவனுங்க கொண்டுபோனா வராது."

அரிசி லயத்துக் கட்டில்களுக்கு அடியில் போனது. சீனி மூட்டை பிள்ளைக் காம்பராவுக்குப் போனது. அங்கே பிள்ளை பார்க்கும் ஆயா அதைத் தொட்டிலில் போட்டுத் துணி மூடி ஆட்டினாள். தராசைக் கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மிஞ்சியது கருவாட்டு மூட்டை. அதை வாங்க எவரும் துணியவில்லை. வீட்டில் ஒளித்தால் மணமே காட்டிக்கொடுத்துவிடுமே! கற்சுவரும் கனத்த கதவும் உள்ள இடம் ஒன்றுதான் இருந்தது. "மாமா, கோயிலுக்குத் தூக்குங்க" என்றாள்.

"மாரியம்மனுக்கா? பூசாரி என்னைய வெட்டிப் போட்டுருவாரு பிள்ள."

"அம்மனுக்கு சூடம் நம்ம கடையிலதானே வாங்குறாங்க? ஒருநாளைக்கு நம்ம சாமானப் பாத்துக்கிட்டா குறைஞ்சா போயிருவா?"

தூக்கினேன். பொழுது சாயும்போது அவர்கள் வந்தார்கள். நாங்கள் தேயிலைக்குள் பதுங்கியிருந்து பார்த்தோம். வெறும் கடையைக் கண்டதும் ஆத்திரத்தில் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சாம்பலுக்கு முன்னால் சுப்பையா உட்கார்ந்திருந்தார். மடியில், இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கென்று முன்பே கொடுத்திருந்த இந்தியப் பாஸ்போர்ட்டுகள். "கப்பலுக்குப் போயிருவோம்" என்றார்.

"அங்க நமக்கு யாருப்பா இருக்கா?"

"இங்க யாரு இருக்கா?"

பவளம் லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. ஒருவரையும் காணோம். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு வளைவில் ஒரு மூட்டை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அரிசி வந்தது, பருப்பு வந்தது. டொபி வாங்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் இரண்டு பேராகப் பிடித்துச் சோப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். தராசு ஒரு சேலையில் சுற்றி வந்தது. "சீனி இன்னும் தூங்குது, பொறகு அனுப்புறேன்" என்று ஆயா சொல்லியனுப்பினாள்.

கடைசியாகக் கருவாட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேலெல்லாம் திருநீறோடு, பூசாரி வந்தார். "எந்தச் சண்டாளப் பய செஞ்ச வேல இது? விடிஞ்சதிலருந்து கோயில கழுவுறேன், அம்மன் இன்னும் நாறுறா!" என்று திட்டிக்கொண்டே மூட்டையைப் பக்குவமாக இறக்கி வைத்தார். நான் லொறியின் மறுபக்கம் போய்விட்டேன்.

பவளம் அப்பாவிடம் திரும்பினாள். "கருவாடே கோயில்லருந்து திரும்பி வந்திருச்சு. இதுக்கு மேலயும் யாரு இருக்கான்னு கேக்குறீங்களா? நம்ம எங்கப்பா போறது?"

சுப்பையா முதலில் சிரித்தார், பிறகு அழுதார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஒரு மூலையில் கடை மறுபடி தொடங்கியது. கூரை போடும்வரை அப்பனும் மகளும் லயத்தில்தான் படுத்தார்கள். எண்பத்து மூன்றிலும் எரித்தார்கள். யுத்த காலத்தில் சோதனை என்று ஆமிக்காரர்கள் அவளை நடுரோட்டில் நிறுத்தி வைத்தார்கள். அவள் எங்கும் போகவில்லை.

என் பிள்ளைகள் கொழும்புக்கு வந்துவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "நான் எங்க போறது?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்விதான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அவள் கேட்டபோது மலையே நின்று கேட்டது. நான் கேட்டால், கிழவனுக்கு விசர் பிடித்துவிட்டது என்கிறார்கள். இருந்தாலும் தினமும் கேட்கிறேன்.