அரைநாள் டீச்சரின் இருபத்து மூன்று அட்டைகள்

எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி கிடையாது. முப்பத்தோர் ஆண்டுகள் அங்கே எழுத்தராக இருந்தவன் நான். எந்த அறையில் எத்தனை நாற்காலி என்பது என் பதிவேட்டில் இருக்கும். பதினெட்டு பேருக்குப் பதினெட்டு. பத்தொன்பதாவதாக, அரைநாள் வேலைக்கு வந்தவரை "அரைநாள் டீச்சர்" என்றே கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராக.

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிக்கொண்டே படித்து, முப்பத்தாறு வயதில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். கணவர் லாரி ஓட்டுநர், இரண்டு பெண்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று அரசு தலைக்கு இவ்வளவு என்று தரும் கூடுதல் நிதியில்தான் அவருக்குச் சம்பளம். பட்டியலில் இருபத்து மூன்று பிள்ளைகள். எல்லோரும் ஒரு வரியை முழுதாக வாசிக்கத் திணறியவர்கள்.

விளையாட்டுச் சாமான் அறையில், கிழிந்த வலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்வார். பிள்ளை திணறினால் எடுத்துக் கொடுக்கமாட்டார். அந்த எழுத்தின் கீழ் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். முடிந்ததும் அந்தப் பிள்ளையின் அட்டையில் தேதி, பக்கம், தடுமாறிய சொற்கள். ஒரு நாளும் தவறியதில்லை.

தலைமை ஆசிரியருக்கு இது கண்ணை உறுத்தியது. பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட அங்கே என்ன இருக்கிறது? அதே நிதியில் பெரிய தொடுதிரைப் பலகை வாங்க முடிவு செய்து, நவம்பர் பதினொன்றாம் தேதி அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். நானும் இருந்தேன்.

"போர்டு வந்தா எண்ணூறு பிள்ளைங்களும் படிக்கும். நீங்க இருபத்தி மூணைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"அந்த இருபத்தி மூணு பேரைக் காட்டித்தானே சார் பணமே வந்துச்சு? நடுவுல எண்ணூறு பேர் எங்கேர்ந்து வந்தாங்க?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் தலைமை ஆசிரியர். டீச்சர் அட்டைகளை என்னிடம் எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுவாரமே பழைய தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பலகை ஜனவரி எட்டாம் தேதி வந்தது. முதல் மதிப்பெண் வாங்கும் வகுப்பில் மாட்டினார்கள். பட்டியல் பிள்ளைகள் ஒரு முறை அதன்முன் நின்றார்கள், புகைப்படத்துக்காக.

பிப்ரவரியில் நிதித் தணிக்கைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். பிள்ளைகள் முன்னேறியதற்குச் சான்று கேட்டார். தலைமை ஆசிரியர் என் அலமாரியிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல், பலகையால் வந்த பலன் என்று நீட்டினார். அந்த அம்மா இருபத்து மூன்றையும் நிதானமாகப் புரட்டினார்.

"எல்லாத்துலயும் கடைசித் தேதி நவம்பர் பதினொண்ணு. உங்க போர்டு, பிறக்கிறதுக்கு முன்னாடியே பாடம் நடத்திச்சா?"

எழுத்தர் தேதி குழப்பியிருப்பார் என்று தலைமை ஆசிரியர் என்னைக் கைகாட்டினார். பலகை வந்த ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்றோடு அவர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார். எனக்கு அதில் நஷ்டமில்லை.

வாசிப்பு வகுப்பை மறுபடி தொடங்க உத்தரவு வந்தது. தொழிற்சாலைக்கு நானே போய் டீச்சரிடம் சொன்னேன். மாதா மாதம் ஆளைத் தூக்கியெறிய முடியாதபடி எழுத்தில் கொடுத்தால் வருவேன் என்றார். பள்ளி எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று. வந்த அன்றே டீச்சரைத் தலைமை ஆசிரியர் தாழ்வாரத்தில் மறித்தார்.

"மொட்டைக் கடுதாசி போட்டு ஜெயிச்சிட்டீங்க போல."

"நான் யாருக்கும் எதுவும் எழுதலை சார். என் அட்டையைக் கொண்டுபோய் நீட்டுனது நீங்கதான்."

சாமான் அறையில் அன்று இருபத்தொரு பிள்ளைகள்தான் இருந்தார்கள். இரண்டு பேர் பள்ளியை விட்டே நின்றுவிட்டார்கள். முப்பத்தாறாம் பக்கம்வரை போயிருந்த ஒரு பெண், ஒன்பதாம் பக்கத்தில் நின்று தவித்தாள். அரைநாள் டீச்சர் விரலை வைத்துக் காத்திருந்தார். பிறகு அவளுடைய அட்டையில் நவம்பர் பதினொன்றுக்கு அடுத்த வரியிலேயே எழுதினார்: பிப்ரவரி இருபது, பக்கம் ஒன்பது.

நின்றுபோன இருவரின் அட்டைகளை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை. மாலையில் அவர்களுடைய வீட்டு முகவரியைப் பதிவேட்டிலிருந்து எழுதித் தரச் சொன்னார்.